இந்த ஊசிக்குப் பத்தியம் முட்டை

ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி பதுளை டவுனில் நிம்மதியாக மீன் வாங்க முடியாது. பாரைத் துண்டை நிறுக்கச் சொல்லிவிட்டு நிற்பேன், பின்னாலிருந்து "மிஸ், ஒரு சின்ன விஷயம்" என்று குரல் வரும். முன்பெல்லாம் அந்தச் சின்ன விஷயம் பிரஷராக இருக்கும், அல்லது சீனி வருத்தமாக, அதாவது நீரிழிவாக இருக்கும். இப்போது எல்லாருக்கும் ஒரே கேள்விதான். உடம்பு இளைக்க வாரத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாமே, அது நல்லதா?

நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். எந்த டொக்டர் எழுதித் தந்தார்? சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு, தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து தருகிறார் என்று பதில் வந்தால் மீன்கடை என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். இரண்டாவது கேள்விக்கு அநேகமாகச் சிரிப்புதான் பதில். பசியே வராதாமே மிஸ், பிறகென்ன சாப்பாட்டுப் பேச்சு என்பார்கள். அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பசி உள்ளவனுக்கு அவன் வயிறே சொல்லிக் கொடுக்கும். பசி போன ஆளுக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நான் வேலை செய்த கிளினிக்கில் இப்போது இருக்கும் தாதிப் பிள்ளைகளும் அடிக்கடி போன் எடுக்கிறார்கள். ஊசி போட்டவர்கள் ஓங்காளிக்கிறார்கள், சோர்ந்து விழுகிறார்கள், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன். பெருமையோடுதான் எழுதப் போகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது, அதற்கு இப்போது பழகவும் முடியாது.

ஹாலிஎலக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கும் வேலை. தாதிப் பயிற்சிக்கு எனக்குக் கடிதம் வந்தபோது லயமே திரண்டு வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிங்களம் படித்தேன், கால் வீங்க நின்றேன், அழுதேன், பாஸ் பண்ணினேன். என் உண்மையான படிப்பு ஆஸ்பத்திரி வார்டில், சோமா சிஸ்டருக்குக் கீழேதான் ஆரம்பமானது.

சோமா சிஸ்டர் அந்த வார்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி. பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, குரல் ஒருநாளும் உயராது, ஆனாலும் அவர் வரும் சத்தம் கேட்டால் கட்டில்களே நேராக நிற்பது போலிருக்கும். தமிழை அவர் நோயாளிகளிடமிருந்து மட்டுமே கற்றவர். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் சித்தி பேசுவது போலவே இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனி வருத்தக்கார அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேங்க" என்றார் அவர். சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த வார்டுல அந்தக் கேள்வியக் கேக்காத. ஒங்க ஆளுங்க யாராச்சும் அதுக்கு இல்லேன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. எங்கள் லயங்களில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வது வழக்கமே இல்லை. இல்லை என்றால் கேட்டவர் வீட்டில் உலையில் இன்னொரு பிடி அரிசி போட வேண்டி வரும். அதனால் பட்டினி கிடந்தவரும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வார். அது பொய்யில்லை, மரியாதை. ஆனால் மரியாதையை நம்பி மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது அல்லவா?

அதற்கு சிஸ்டர் வைத்திருந்த வழி ஒரு வெறுந்தட்டு. வார்டில் கிடந்த சாதாரணத் தட்டுதான். நோயாளியை முதலில் கை கழுவச் சொல்வார். எதற்கு என்று எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. கழுவின கை, தான் சாப்பிடப் போவதாக நம்பிவிடும் என்பார். பிறகு தட்டை அவர் மடியில் வைத்து, இது ஒங்க வீட்டுத் தட்டு, நேத்து மத்தியானம், போட்டுக் காட்டுங்க என்பார். ஆள் முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை சிஸ்டர் பேசாமல் இருப்பார். மெல்ல மெல்லக் கை அசையும். சோறு இவ்வளவு என்று குவித்துக் காட்டும், கறியை ஓரத்தில் தொட்டு வைக்கும், விரல் நுனியால் சம்பலைக் கிள்ளும். சிஸ்டர் முகத்தைப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பார்ப்பார். இடையிடையே "பொறவு?" என்பார். அந்த ஒரு சொல்தான். சோறு மலையாகக் குவிந்தாலும் சரி, தட்டு காலியாகவே கிடந்தாலும் சரி, அவர் புருவம் அசையாது. புருவம் அசைந்தால் அடுத்த பிடியை மறைத்துவிடுவார்கள் என்பார்.

நான் அதை வரி விடாமல் பிடித்துக்கொண்டேன். அரசாங்க வேலையை முடித்துவிட்டு டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தபோது நான் முதலில் வாங்கி வைத்தது ஒரு தட்டுதான். அங்கே குகன் டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது, நோயாளி பேசி முடிக்கும்வரை பேனாவைக் கையில் எடுக்காத மனுஷன். "மருந்து என்ட வேலை, கோப்பை உங்கட வேலை, மிஸ்" என்பார். அவர்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டைக் கோப்பை என்பார்கள்.

இந்த வாராந்த ஊசி வந்தபோது என் தட்டுக்கும் வேலை கூடியது. ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியில் வைத்து, வயிற்றில் போன வாரம் போட்ட இடத்தை விட்டு வேறிடத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் சங்கதியே இருக்கிறது. அந்த ஊசி வயிற்றை மெதுவாக வேலை செய்ய வைக்கும். பழைய அளவில் அள்ளிப் போட்டால் வயிறு திருப்பி அனுப்பும். ஒன்றுமே போடாவிட்டால் கொழுப்போடு சேர்த்துச் சதையும் கரையும். இரண்டுக்கும் நடுவில் ஆளை நடத்திக்கொண்டு போக வேண்டும்.

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் முதல் வகை. நல்ல மனுஷர், நல்ல சாப்பாட்டுக்காரர். ஊசி போட்ட வாரத்தில் ஒரு கல்யாணம். அவர்கள் கல்யாணத்தில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தான் கையை எடுத்தால் மற்ற ஐந்து பேரும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள் என்று மனுஷர் கடைசிவரை ஈடுகொடுத்திருக்கிறார். மறுநாள் துவண்ட கீரைக்கட்டு போல வந்து படுத்தார். டொக்டர் பார்த்து மருந்து கொடுத்து, பயமில்லை என்று சொன்ன பிறகு நான் தட்டை வைத்தேன். அடுத்த கல்யாணத்துக்கு வழியும் சொல்லிக் கொடுத்தேன். இளந்தாரிப் பையன்கள் இருக்கும் சஹனாகப் பார்த்து உட்காருங்கள், முதலில் கோழித் துண்டு, பிறகு சலாது, அதற்குப் பிறகு இடமிருந்தால் சோறு. மெல்ல மென்று, பேசிக்கொண்டே கையை மட்டும் சஹனில் வைத்திருங்கள், பையன்கள் துடைத்துவிடுவார்கள் என்றேன். அடுத்த முறை வந்தபோது, தான் இவ்வளவு பேசுவேன் என்று சொந்தக்காரர்களுக்கு இத்தனை காலமும் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டாவது வகைதான் புவனேஸ்வரி. என் வேலைக்காலத்தில் எனக்கு மிகவும் கடினமான ஆள் அவள். எனக்கு மிகவும் பெருமை தந்தவளும் அவளே.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் புவனா பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தாள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. சீனி வருத்தம், அதிகமான எடை, இரண்டு முழங்காலும் தேய்வு. குனிந்து தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்றுதான் டொக்டரிடம் வந்தாள். இளைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை, பிள்ளைகளைத் தூக்க வேண்டும். டொக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்து ஊசியை எழுதினார். கொழும்பில் இருந்த மகள் செலவை ஏற்றுக்கொண்டாள். தானே குத்திக்கொள்ளப் பயம் என்று வாராவாரம் பஸ் ஏறி என்னிடம் வந்துவிடுவாள்.

எடை இறங்கியது பாருங்கள், அப்படி ஒரு இறக்கம். மற்ற நோயாளிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு ரகசியம் கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நானும் அவளுக்குத் தட்டை வைக்காமல் விட்டுவிட்டேன். சட்டை தொளதொளத்தது. ஆனால் முகம் விழுந்துவிட்டது. சீப்பு வைத்தால் கொத்தாக முடி வருகிறது என்றாள். கதிரையிலிருந்து எழும்ப மேசையை இரண்டு கையாலும் பிடித்தாள். டொக்டரும் அதைக் கவனித்துவிட்டார். முதல் வேலையாகச் சீனி வருத்தத்துக்கு அவள் விழுங்கும் குளிசையைக் குறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எடை இறங்குது மிஸ், ஆனா ஆள் சரியில்லை. கோப்பையைப் போடுங்கோ" என்றார்.

புவனாவைக் கை கழுவச் சொன்னேன். தட்டை மடியில் வைத்தேன். நேற்று மத்தியானம் என்றேன். அவள் கை ஒரு சிறிய வட்டம் போட்டது. கஞ்சி. பிறகு என்றேன். இரண்டு விரல் சேர்ந்து ஒரு சிட்டிகை உப்பு தூவியது. பிறகு? சுட்ட பூண்டு, இரண்டு பல். பிறகு? கை தட்டின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ராத்திரி? மறுபடியும் அதே வட்டம், அதே சிட்டிகை. நான் புருவத்தை அசைக்கவில்லை. முட்டை, மீன், பருப்பு ஒன்றும் காணோமே என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"மருந்து எடுக்கையில எப்பிடிங்க மிஸ் அதெல்லாம் திங்கிறது? பத்தியமில்ல?"

பத்தியம்! முதல் நாளே அவள் டொக்டரிடம் இதற்குப் பத்தியம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்கிறாள் என நினைத்து அவரும், ஓம், கட்டாயம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் லயங்களில் பத்தியம் என்றால் அது வேறு. முட்டை சூடு, பருப்பு வாயு, கருவாடு கரப்பான், கீரை குளிர்ச்சி. நாட்டு மருந்து எடுத்தாலும் சரி, பிள்ளை பெற்றாலும் சரி, இதெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். பசியும் இல்லை, பத்தியமும் உண்டு என்றால் புவனாவுக்கு அதைவிட வசதி என்ன? கஞ்சியும் பூண்டுமாக மாதக்கணக்கில் இருந்திருக்கிறாள். டொக்டர் கேட்டபோதெல்லாம் நல்லா சாப்பிடுறேங்க என்றுதான் சொன்னாள். அவள் கணக்கில் அது நல்ல சாப்பாடுதான். யாரைக் குறை சொல்ல?

அந்த மருந்துக்கு அப்படிப் பத்தியம் எதுவும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து என்று கேட்டாள். அப்புறம்தான் சொன்னாள், அவளுடைய தங்கை மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து குடித்துக்கொண்டிருந்தபோது ஆசைப்பட்டுக் கருவாடு தின்றாளாம், அந்த வாரமே போய்விட்டாளாம். பத்தியம் முறிந்ததால்தான் போனாள் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்தக் கருவாட்டைச் சுட்டுக் கொடுத்தது புவனாதான். இதைக் கேட்ட பிறகு நான் எந்த வாயால் அவளுக்கு விளக்கம் சொல்வது?

டொக்டர் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். சாப்பாடு சரியாகாவிட்டால் ஊசியை நிறுத்திவிடுவேன், இப்படிப் போனால் உடம்பு தாங்காது என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் புவனா அழுதுவிட்டாள். அப்போதுதான் முந்தின நாள் நடந்ததைச் சொன்னாள். தொட்டிலிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கும்போது கை விட்டுப்போய், பிள்ளை நழுவி அவள் மடியில் விழுந்திருக்கிறது. காயம் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்த தோட்டத்து அதிகாரி, இன்னொரு முறை இப்படி நடந்தால் காம்பராவிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

"ஊசிய நிப்பாட்டுனா முழங்கால் போயிரும். போட்டா கை போவுது. அந்தப் புள்ளைங்கள எங்கிட்ட இருந்து எடுத்துட்டா நா என்னாத்துக்குங்க மிஸ் இருக்கணும்?"

அடுத்த வாரமும் அதே கஞ்சிதான். நான் படம் காட்டினேன், கெஞ்சினேன், அதட்டினேன். தலையை ஆட்டினாள். தட்டில் அவள் கை பழைய வட்டத்தையே போட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஹாலிஎல பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தப் பத்தியம் என்ற சொல்லையே எவனாவது இந்த மலையிலிருந்து ஒழித்துக் கட்ட மாட்டானா என்று பொருமிக்கொண்டே போனேன். ஸ்டேஷன் திருப்பத்தில் ஒன்று உறைத்தது. அந்தச் சொல்லை ஏன் ஒழிக்க வேண்டும்? புவனா மாதிரிப் பத்தியம் காக்க இந்த மாகாணத்திலேயே ஆள் கிடையாது. அவளிடமிருந்து அதைப் பிடுங்கப் பார்த்ததால்தான் தோற்றேன். வேறு பத்தியத்தைக் கையில் கொடுத்தால் என்ன?

மறுநாள் டொக்டரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு, இது நோயாளியிடம் பொய் சொல்வதாகாதா என்று யோசனையோடு கேட்டார். மருந்து வேலை செய்ய எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக் கூடாது என்பதுதானே பத்தியம், இதில் பொய் எங்கே இருக்கிறது என்றேன். மனுஷர் பேனாவை மூடி வைத்தார். முதல் நாள் ஓம் சொன்னவன் நான்தானே, நானும் உடன் இருக்கிறேன், இன்னும் ஒரு வாரம் கூட்டிப் பார்ப்போம் என்றார்.

அடுத்த ஊசிக்குப் புவனா வந்ததும் டொக்டரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அவளுக்கு எதிரே நேராக உட்கார்ந்தேன்.

"புவனா, நீங்க கேட்டது சரி. இந்த ஊசிக்குப் பத்தியம் இருக்கு. ஆனா இத்தன நாளா நீங்க அத முறிச்சிட்டீங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கஞ்சியத் தவிர வாயில ஒண்ணும் வைக்கலீங்களே மிஸ்."

"அதான் முறிச்சது. ஒவ்வொரு மருந்துக்கு ஒவ்வொரு பத்தியம். இந்த ஊசிக்குப் பத்தியம் முட்டை."

அவள் டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கோயில் ஐயர் போல அவ்வளவு கம்பீரமாக முகத்தை வைத்துக்கொண்டு, "ஓம் அம்மா. மிஸ் சொல்லுறதுதான் பத்தியம். ஒருநாளும் விடக் கூடாது" என்றார்.

பிறகு நான் விதித்தேன் பாருங்கள், எந்த வைத்தியரும் அப்படிக் கறாராக விதித்திருக்க மாட்டார். காலையில் அவித்த முட்டை, அதைத் தொட்ட பிறகுதான் ரொட்டி. மத்தியானம் தட்டில் முதலில் பருப்போ மீனோ கடலையோ, அடுத்தது கீரை, கடைசியாகத்தான் சோறு, அதுவும் சின்னத் தட்டில். வெறுங்கஞ்சி தள்ளு. எண்ணெயில் பொரித்தது தள்ளு. சாப்பாட்டுக்குப் பதிலாகச் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் பத்தியம் முறியும். வயிறு போதும் என்றால் அந்த வாயோடு நிறுத்த வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். காலையும் மாலையும் கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்ப வேண்டும், அதுவும் பத்தியம்தான் என்றேன். வாய் தவறிக் கருவாட்டையும் சேர்த்துச் சொன்னபோது மட்டும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கருவாடு வேண்டாம், அது உங்களுக்கு என்றைக்கும் வேண்டாம், முட்டையும் பருப்பும் போதும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தட்டை வைத்தேன். அவள் கை முதலில் முட்டையை வைத்தது. உரித்து, பிட்டு, ஓரமாக வைத்தது. அதற்குப் பக்கத்தில் பருப்பு. நான் பிறகு என்று கேட்பதற்கு முன்பே கீரையும் வந்துவிட்டது. லயத்தில் யாரோ தேத்தண்ணி கொடுத்து உபசரித்தபோது, பத்தியம் என்று சொல்லி மறுத்துவிட்டாளாம். அவர்களும் வற்புறுத்தவில்லையாம். அந்தச் சொல்லுக்கு எங்கள் மக்களிடம் இருக்கும் மதிப்பு அப்படி. டொக்டர் ஊசியை நிறுத்தவில்லை. எடை முன்னைவிட மெதுவாக இறங்கியது, ஆனால் முகம் திரும்பி வந்தது. ஒருநாள் மேசையைத் தொடாமல் கதிரையிலிருந்து எழுந்தாள். டொக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சோமா சிஸ்டருக்குப் பிறகு என்னை அப்படி யாரும் மெச்சியதில்லை.

நான் கிளினிக்கை விட்டு நின்ற பிறகு புவனா ஒருமுறை தன் தோட்டத்துக்கு வரும்படி கூப்பிட்டாள். பசறை பஸ்ஸில் வளைவு வளைவாகப் போய் இறங்கி, ஏறி, பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். மத்தியானக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்துகொண்டிருந்தார்கள். தொட்டிலில் ஒரு பெண் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு நழுவியது இவள்தான் மிஸ் என்றாள் புவனா. நன்றாகக் கொழுத்த பிள்ளை. புவனா முழங்காலை மடக்கிக் குனிந்தாள், ஒரு மூச்சில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் தடுத்து வைத்திருந்த கேள்வி, இத்தனை வருடம் எந்த நோயாளியிடமும் கேட்காத கேள்வி, தானாக வெளியே வந்துவிட்டது.

"சாப்பிட்டீங்களா புவனா?"

அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்க மிஸ். வாங்க, ஒங்களுக்கும் சேத்துத்தான் முட்ட அவிச்சிருக்கேன்."